மேசை மேல் ஒரு எக்ஸ்சேஞ்ச்

"நான்காவது ரிங்கில் தானாக எடுக்கும்" என்று ஃபேக்ஸ் மெஷினோடு வரும் சிறு புத்தகம் சொல்கிறது. எந்த நாட்டு ரிங் என்று அது சொல்வதில்லை. அமெரிக்காவில் மணி 2 விநாடி அடித்து 4 விநாடி ஓயும். நான்காவது மணி அடித்து முடிய 20 விநாடி ஆகும். கடைக்காரர் கல்லாவை விட்டு நடந்து வந்து ரிசீவரை எடுக்க அது தாராளம். மலேசியாவில் மணி இரட்டையாக அடிக்கிறது: 400 மில்லி விநாடி அடிப்பு, 200 ஓய்வு, மறுபடி 400 அடிப்பு, பிறகு 2,000 ஓய்வு. ஒவ்வொரு இரட்டையையும் ஒரு ரிங்காக எண்ணும் மெஷின் 10 விநாடியில் எடுக்கும். ஒவ்வொரு அடிப்பையும் தனித்தனி ரிங்காக எண்ணும் மெஷின் நாலே விநாடியில் எடுத்து, பேச வந்தவர் காதில் கீச்சிடும்.

மெஷினில் பழுது ஒன்றும் இல்லை. அதைச் சோதித்த லைன்தான் வேறு நாட்டு லைன். ஜொகூரின் பத்து பகாட்டில் பி.ஏ.பி.எக்ஸ். என்ற அலுவலக எக்ஸ்சேஞ்ச் மாட்டுபவர், அலாரம் பொருத்துபவர், லிஃப்ட் அவசர போன் பராமரிப்பவர் ஆகிய எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு. கஸ்டமர் வீட்டில் மாட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க உதவும் கருவிதான் டெலிபோன் லைன் சிமுலேட்டர்.

சிமுலேட்டர் என்பது இரண்டு அல்லது நான்கு போன் சாக்கெட் உள்ள ஒரு பெட்டி. உண்மையான எக்ஸ்சேஞ்ச் செய்யும் வேலைகளை அது மேசை மேலேயே செய்யும். சாக்கெட்டுக்கு மின்சாரம் தரும், ரிசீவரைத் தூக்கினால் டயல் டோன் கொடுக்கும், அழுத்திய எண்களைப் படிக்கும், இன்னொரு சாக்கெட்டில் மணியடிக்கும், எடுத்ததும் இரண்டையும் இணைக்கும். இந்தத் துறையில் அதிகம் அடிபடும் பெயர்கள் டெல்டோன் நிறுவனத்தின் டி.எல்.எஸ். வரிசையும் வைக்கிங் எலக்ட்ரானிக்ஸின் டி.எல்.இ. வரிசையும். இரண்டுமே அமெரிக்க நிறுவனங்கள். ஆகவே பெட்டியைப் பிரித்து அப்படியே கரண்ட் கொடுத்தால் வருவது அமெரிக்க எக்ஸ்சேஞ்ச். அதை ஜொகூர் எக்ஸ்சேஞ்சாக மாற்றுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

செம்புக் கம்பி லைன்கள் போய்க்கொண்டிருக்கும் காலத்தில் இது எதற்கு என்ற கேள்வி வரும். யூனிஃபை என்ற ஃபைபர் சேவை 2010-இல் வந்தது; ஃபைபர் வீட்டுக்குள் நுழைந்தது. ஆனால் வீட்டில் வைக்கும் பெட்டியின் பின்னால் போன் சாக்கெட் இன்னும் இருக்கிறது. அந்தச் சாக்கெட்டில் டயல் டோன் கொடுப்பதும் மணியடிப்பதும் இப்போது அந்தச் சின்னப் பெட்டியே. எக்ஸ்சேஞ்ச் தெருக்கோடியிலிருந்து வரவேற்பறைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அலாரம் பேனலுக்கும் ஃபேக்ஸுக்கும் வேண்டியது அதே வோல்டேஜ், அதே டோன், அதே இரட்டை மணி. 1987-இல் அரசு டெலிகோம் இலாகா நிறுவனமாக மாறியபோதும் அந்த மணி மாறவில்லை. ஃபைபருக்குப் பிறகும் பிரிட்டிஷ் காலத்து அடியிலேயே அடிக்கிறது.

பத்து பகாட்டிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் பாரிட் ராஜா. துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் அங்கேதான். பாலிடெக்னிக் ஊழியர்களுக்கான பயிற்சி மையமாக 1993-இல் தொடங்கிய இடம், 2007-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கே படிக்கும் மின்னியல் மாணவர், வெள்ளம் ஏறினால் தானாக போன் செய்யும் கருவியை இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்ய நினைத்தால், அதை முதல் நாளே பொது லைனில் மாட்டிவிட முடியாது. பொதுத் தொலைத்தொடர்பு வலையில் இணைக்கும் சாதனத்துக்கு 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் சான்றிதழ் வேண்டும். அந்தச் சோதனையும் முத்திரையும் சிரிம் என்ற தரச் சான்று நிறுவனம் வழியாக வரும். அதுவரை மாணவருக்குக் கதி சிமுலேட்டர்தான்.

முதலில் லைன், அப்புறம் டோன்

புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் கால் வெயிட்டிங், கால் ஃபார்வர்டு என்று வசதிகளிலேயே நேராகக் கை வைக்கிறார்கள். அது தலைகீழ் முறை. அடியில் இருக்கும் மின்சாரமும் டோனும் சரியில்லாமல் மேலே போடும் எந்த வசதியும் பொய்யான முடிவையே தரும்.

சும்மா இருக்கும் லைனில் மல்டிமீட்டரை வைத்தால் 48 வோல்ட்டை ஒட்டி டி.சி. தெரிய வேண்டும். ரிசீவரைத் தூக்கியதும் அது பொதுவாக 10-க்குக் கீழே இறங்கும். லைனில் 20 முதல் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓட்டம் இருக்கும். மேசை மேல் இருக்கும் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் ஒரு மீட்டர் வயர்தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிய கம்போங் வீட்டின் நிலைமை வேறு. 0.4 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஜோடிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 270 ஓம் தடை. ஆகவே 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிய வீடு மேசைக்கே வந்துவிடும். ரெசிஸ்டர் 2 வாட் அளவில் இருக்கட்டும். கால் வாட் போட்டால் புகை வரும்.

மணியடிக்கும்போது லைனில் 90 வோல்ட் வரை ஏ.சி. ஓடும். விரலில் பட்டால் சுளீர் என்று இழுக்கும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: சிமுலேட்டரின் சாக்கெட்டைச் சுவரில் இருக்கும் உண்மையான லைனோடு எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கக் கூடாது. இரண்டும் மின்சாரம் தள்ளுபவை. எது கெட்டாலும் அடுத்த செலவு மாட்டியவருக்கே.

டோனுக்கு வந்தால் வேலை சுலபம். மலேசியாவில் எல்லா முக்கிய டோனும் 425 ஹெர்ட்ஸ் என்ற ஒரே ஸ்வரம். டயல் டோன் இடைவிடாமல் வரும். எங்கேஜ்டு டோன் 500 மில்லி விநாடி ஒலித்து 500 ஓயும். அழைப்பவர் காதில் கேட்கும் ரிங் 400, 200, 400, 2,000 என்ற அதே இரட்டைத் தாளம். அமெரிக்கப் பெட்டியோ டயல் டோனுக்கு 350-உம் 440-உம் கலந்து கொடுக்கும், எங்கேஜ்டுக்கு 480-உம் 620-உம். மனிதக் காது இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். தானாக டயல் செய்யும் கருவியின் ஃபில்டர் ஏற்காது. 425-ஐ மட்டும் தேடும் கருவி, அமெரிக்க டயல் டோனைக் கேட்டுக்கொண்டே "லைன் இல்லை" என்று விளக்கை எரியவிடும். மணியின் அலைவரிசையும் அமெரிக்காவில் 20 ஹெர்ட்ஸ், பிரிட்டனில் 25. மாற்ற முடிகிற பெட்டியில் 25-இல் வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றை மாற்றும் வழி மாடலுக்கு மாடல் வேறு. சிலவற்றில் பெட்டியின் அடியிலோ பக்கத்திலோ குட்டி ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். சிலவற்றில் ஒரு சாக்கெட்டில் போனை மாட்டி, புரோகிராம் கோடு அழுத்தி, "பீப்" கேட்டதும் மதிப்பைப் போட வேண்டும். விலை கூடியவற்றைக் கம்ப்யூட்டரில் இணைத்துத் திரையிலேயே மாற்றலாம். போன் வழியே புரோகிராம் செய்பவர்கள் ஒவ்வொரு பீப்பையும் காதால் உறுதி செய்ய வேண்டும். ஏற்றுக்கொண்ட பீப் ஒரு மாதிரி, தப்பென்று சொல்லும் பீப் வேறு மாதிரி. அவசரத்தில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

எத்தனை இலக்கம்?

அமெரிக்கப் பெட்டிக்கு எண் என்றால் 7 அல்லது 10 இலக்கம். இங்கே கதை வேறு. ஜொகூர் வீட்டு எண் 07-ஐயும் சேர்த்து 9 இலக்கம். கோலாலம்பூர் எண் 03-ஐயும் சேர்த்து 10. கைப்பேசி பெரும்பாலும் 10, ஆனால் 011-இல் தொடங்கினால் 11. இத்தனை இலக்கம் வந்ததும் மணியடி என்று ஒரே எண்ணிக்கையைப் போட்டால், 011 எண்ணின் கடைசி இலக்கம் காற்றில் போகும். எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தை வைப்பதே வழி: கடைசி இலக்கத்துக்குப் பின் 4 விநாடி அமைதி என்றால் எண் முடிந்தது.

999-ஐக் கட்டாயம் ஒரு சாக்கெட்டுக்கு ஒதுக்க வேண்டும். அலாரம், லிஃப்ட் போன், வெள்ள எச்சரிக்கைக் கருவி எல்லாம் கடைசியில் அந்த எண்ணை அழைக்கும்படி அமைக்கப்படலாம். உண்மையான லைனில் அதைச் சோதித்தால் எதிர்முனையில் உண்மையான அவசரப் பிரிவு ஊழியர் எடுப்பார். மேசை மேல் அது பக்கத்து போனில் அடித்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம். சிமுலேட்டரின் விலைக்கு இந்த ஒரு வேலையே போதும் என்று தோன்றுகிறது.

காலர் ஐடி என்ற அரை விநாடி

அழைப்பு வசதிகளில் மிக நுணுக்கமானது காலர் ஐடி. திரையில் எண் தெரிவதற்கு முன் லைனில் நடப்பது இது: ஒரு மோடம் சத்தம் விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில் ஓடுகிறது. அமெரிக்க முறையில் 1,200 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்று, 2,200 என்றால் சுழி. முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் இருக்கும் அமைதியில் அது போகிறது. பிரிட்டனில் பி.டி. நிறுவனம் 1,300-உம் 2,100-உம் பயன்படுத்துகிறது. அதையும் மணியடிப்பதற்கு முன்பே, லைனின் பிளஸ் மைனஸை மாற்றிச் சமிக்ஞை காட்டிவிட்டு அனுப்புகிறது. டென்மார்க்கில் டயல் பட்டன் ஒலிகளிலேயே எண் போகிறது. இந்தியாவின் பல லைன்களிலும் அப்படித்தான். நல்ல சிமுலேட்டரில் இவற்றைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கும். ஊரில் உண்மையான லைனில் எண் காட்டுகிற போன் ஒன்றைக் கொண்டுவந்து, எண் தெரியும் வரை ஒவ்வொரு முறையாக மாற்றிப் பார்த்து, பொருந்துவதை வைத்துக்கொள்வதே குறுக்கு வழி.

செய்தியைக் கையாலேயே கட்டச் சொல்லும் மாடல்களும் உண்டு. ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு பயம் போய்விடும். எளிய வடிவத்தில் முதல் பைட் 4, அதாவது "இது காலர் ஐடி" என்ற அடையாளம். அடுத்த பைட் நீளம். பிறகு மாதம், தேதி, மணி, நிமிடம் என்று எட்டு இலக்கம், கடைசியில் எண். ஜனவரி 15, பொங்கலன்று காலை 10:30 மணிக்கு 1234567 என்ற சோதனை எண்ணிலிருந்து அழைப்பு வருவதாக வைத்துக்கொண்டால், செய்தி 01151030 என்று தொடங்கி 1234567 என்று முடியும். மொத்தம் 15 எழுத்து, ஆகவே நீளம் 15.

கடைசியில் சரிபார்க்கும் பைட் ஒன்று வேண்டும். லைனில் ஒவ்வொரு இலக்கமும் 48-ஐக் கூட்டிய எண்ணாகவே போகும். 15 இலக்கத்துக்கு 15 முறை 48, அது 720. இலக்கங்களின் கூட்டுத்தொகை 39. முன்னால் உள்ள 4-உம் 15-உம் சேர்ந்து 19. எல்லாம் கூட்டினால் 778. இதை 256-ஆல் வகுத்தால் மீதி 10. 256-இலிருந்து 10-ஐக் கழித்தால் 246. அதுதான் கடைசி பைட். போன் எல்லாவற்றையும் கூட்டி 256-ஆல் வகுக்கும். மீதி சுழி வந்தால்தான் எண்ணைத் திரையில் காட்டும். வேண்டுமென்றே 246-க்குப் பதில் 247 போட்டு அனுப்புவது நல்ல சோதனை. அப்போதும் எண்ணைக் காட்டுகிற போன் சரிபார்க்காமலே காட்டுகிற போன். இரைச்சல் உள்ள லைனில் அது தப்பான எண்ணைக் காட்டும்.

இனி நேரம். மொத்தம் 18 பைட், ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட் வீதம் 180. அதற்கு முன் போனை எழுப்ப 300 பிட், பிறகு நிலையான ஒலியாக 180. மொத்தம் 660 பிட், அதாவது 0.55 விநாடி. மணி ஓய்ந்து அரை விநாடி கழித்துத்தான் தொடங்க வேண்டும் என்பதால் ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அமெரிக்காவின் 4 விநாடி அமைதியில் இது சாவகாசமாகப் போகும். மலேசிய மணியின் 2 விநாடி அமைதியிலும் இடம் இருக்கிறது, ஆனால் இரட்டை மணி முழுவதும் முடிந்த பிறகுதான். "முதல் மணிக்குப் பின்" என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, முதல் 400 மில்லி விநாடி அடிப்புக்கு அடுத்த 200 இடைவெளியில் காது கொடுக்கும் கருவிக்கு எதுவும் கிடைக்காது. காலர் ஐடி வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பெயரையும் காட்டும் நீளமான வடிவம் 80 என்ற பதினாறடிமான எண்ணில் தொடங்கும். அதில் தேதி, எண், பெயர் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டலமாகப் போகும். எண்ணை மறைத்த அழைப்புக்கு எண்ணுக்குப் பதில் "பி" என்ற ஆங்கில எழுத்தும், எண் கிடைக்காத அழைப்புக்கு "ஓ"வும் வரும். இந்த இரண்டையும் சோதிக்காமல் விட்டால், எண் மறைத்த முதல் அழைப்பிலேயே கருவி தடுமாறலாம்.

ஃபிளாஷ் பட்டனும் நட்சத்திரக் கோடுகளும்

கால் வெயிட்டிங், மூவர் பேச்சு இரண்டும் ஒரே செயலைச் சார்ந்தவை: லைனைச் சற்று நேரம் துண்டித்து மறுபடி பிடிப்பது. அந்தச் "சற்று" எவ்வளவு என்பதில்தான் சண்டை. அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் 300 முதல் 1,000 மில்லி விநாடி வரை எதிர்பார்க்கும். பிரிட்டனில் 100-ஐ ஒட்டி. 100-இல் வைத்த போனை அமெரிக்க செட்டிங்கில் இருக்கும் சிமுலேட்டரில் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சில சமயம் பழைய சுழல் டயலின் "1" என்று எண்ணிக்கொள்ளும். ஒரு விநாடிக்கு மேல் அழுத்தினால் ரிசீவர் வைத்ததாக எடுத்துக்கொள்ளும். பானசோனிக் போன்களில் ஃபிளாஷ் நேரத்தை மெனுவில் மாற்றலாம் என்பதால் அவை சோதனைக்கு வசதி. 80, 100, 300, 600 என்று ஏற்றிப் பார்த்து எங்கே வேலை செய்யத் தொடங்குகிறது, எங்கே துண்டித்துவிடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பேசிக்கொண்டிருப்பவருக்கு அடுத்த அழைப்பின் எண்ணைக் காட்டும் வசதியில் ஒரு வேடிக்கை உண்டு. சிமுலேட்டர் 2,130-உம் 2,750-உம் கலந்த ஒலியை 80 மில்லி விநாடி அனுப்பும். போன் உடனே பேச்சை ஊமையாக்கி, "டி" என்ற பட்டனின் ஒலியைப் பதிலாக அனுப்பும். வீட்டு போனில் அந்தப் பட்டனே கிடையாது. நான்காவது வரிசையில் இருக்க வேண்டிய அது, இங்கே எக்ஸ்சேஞ்சுக்கும் போனுக்கும் நடுவில் புழங்கும் பட்டன். பதில் வந்தால்தான் எண் போகும். பதில் வராத போனுக்கு வெறும் "பீப்" மட்டும்.

மூவர் பேச்சைச் சோதிக்கக் குறைந்தது மூன்று சாக்கெட் வேண்டும். இரண்டு சாக்கெட் பெட்டியை மலிவென்று வாங்கியவர்கள் இங்கேதான் கையைப் பிசைவார்கள். வாங்குவதென்றால் நான்கு சாக்கெட் உள்ளதே உசிதம்.

கால் ஃபார்வர்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. "எடுக்காவிட்டால் திருப்பு" என்பதை ரிங் கணக்கில் கேட்கும் பெட்டியில் நான்கு ரிங் என்று போட்டால், கடைசி ஓய்வும் சேர்த்து அமெரிக்கத் தாளத்தில் 24 விநாடி, மலேசியத் தாளத்தில் 12 விநாடி. விநாடியிலேயே வைக்க முடிந்தால் அப்படியே வைக்க வேண்டும். இன்னொன்று, முதல் சாக்கெட்டை இரண்டாவதுக்கும் இரண்டாவதை முதலுக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல பெட்டி எங்கேஜ்டு டோன் கொடுத்து நிறுத்திக்கொள்ளும்.

கோடுகளில்தான் பெரிய குழப்பம். வட அமெரிக்காவில் *67 என்றால் இந்த அழைப்புக்கு என் எண்ணை மறை. ஐரோப்பிய முறையிலும் கைப்பேசிகளிலும் 67 என்பது எங்கேஜ்டாக இருந்தால் வேறு எண்ணுக்குத் திருப்பு. ஐரோப்பிய முறையில் *21*எண்# என்றால் எல்லா அழைப்பையும் திருப்பு, #21# என்றால் ரத்து. *61* எடுக்காவிட்டால் திருப்பு, *43# கால் வெயிட்டிங். அமெரிக்க முறையில் *72 திருப்பு, *73 ரத்து, *70 இந்த அழைப்புக்கு மட்டும் கால் வெயிட்டிங் வேண்டாம். ஃபேக்ஸ் அனுப்பும்போது இந்தக் கடைசி வசதி முக்கியம். நடுவில் விழும் ஒரு பீப் பக்கத்தையே கெடுத்துவிடும். கஸ்டமருக்கு இரண்டு முறையும் கலந்த காகிதத்தைக் கொடுத்தால், எண்ணை மறைக்கிறோம் என்று நினைத்து அழைப்புகளை எங்கோ திருப்பிவிட்டுக் கூப்பிடுவார். சிமுலேட்டரில் ஒரே முறையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைப்பது நிம்மதி.

குறைந்த செலவில்

அசல் சிமுலேட்டர் மாணவர் பணப்பைக்குக் கனம். மாற்று வழி, கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்.டி.802 போன்ற இரண்டு சாக்கெட் அடாப்டரும் பழைய கம்ப்யூட்டரில் ஆஸ்டெரிஸ்க்கும். ஆஸ்டெரிஸ்க் என்பது மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதத் தொடங்கிய இலவச எக்ஸ்சேஞ்ச் மென்பொருள். நாட்டுவாரியாக டோன்களை எழுதி வைத்த கோப்பு ஒன்று அதோடு வருகிறது. 425 ஹெர்ட்ஸ் இரட்டைத் தாளத்தோடு மலேசியாவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஆனால் போன் காதில் கேட்கும் டயல் டோனைக் கொடுப்பது அடாப்டர்தான். ஆகவே அதன் பக்கத்திலும் டோன், மணித் தாளம், காலர் ஐடி முறை, ஃபிளாஷின் குறைந்தபட்ச, அதிகபட்ச நேரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இந்த அடாப்டர் *72, *90, *92 போன்ற கோடுகளைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஆஸ்டெரிஸ்க்கில் எழுதிய கோடு வேலை செய்யவில்லை என்று நாள் முழுக்கத் தேடுவதற்கு முன், அடாப்டரில் அழைப்பு வசதிகளை அணைத்துவிட வேண்டும்.

பழைய பி.ஏ.பி.எக்ஸ். ஒன்றையே சிமுலேட்டராக வைத்துக்கொள்வோரும் உண்டு. பானசோனிக் டி.இ.எஸ்.824 போன்ற பெட்டியில் மூன்று வெளி லைனும் எட்டு எக்ஸ்டென்ஷனும் இருக்கும். பேச்சைச் சோதிக்க அது போதும். எக்ஸ்டென்ஷனில் வரும் உள் டோனும் மணியும் வெளி லைனிலிருந்து மாறுபடலாம் என்பதால், அலாரத்தையும் ஃபேக்ஸையும் சோதிக்க அதை நம்ப முடியாது.

எதிர்முனை வைத்துவிட்டால்

எல்லா வசதியும் சரியாக வந்த பிறகு மிஞ்சுவது, அழைப்பு முடிவதைக் கருவி எப்படி அறிகிறது என்பது. அமெரிக்க லைனில் எதிர்முனை ரிசீவரை வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்திக் காட்டும். அதை மட்டும் நம்பிச் செய்த வாசல் போனும் பதில் சொல்லும் மெஷினும், எங்கேஜ்டு டோனை மட்டுமே கொடுக்கிற லைனில் மாட்டினால், யாரோ வயரைப் பிடுங்கும் வரை பிடித்துக்கொண்டே இருக்கும். அதுவரை வெளியிலிருந்து யார் அழைத்தாலும் எங்கேஜ்டு. சிமுலேட்டரில் மின்சாரத்தை நிறுத்திக் காட்டும் இந்தச் செட்டிங்கை அணைத்து, 425 ஹெர்ட்ஸ் எங்கேஜ்டு டோனை மட்டும் விட்டு, எதிர்முனை போனை வைத்துவிட்டு, கருவி லைனை விடும் வரை கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சில விநாடியில் விட்டால் சரி. விடாவிட்டால், அதிகபட்ச அழைப்பு நேரம் என்ற செட்டிங் கருவியில் இருக்கிறதா என்று தேடி, 3 நிமிடத்தில் வைத்து, கஸ்டமரிடம் கொடுக்கும் காகிதத்தில் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.